இரண்டு தட்டினால் ரைட்

சூளூர்ப்பேட்டை டோல்கேட்டில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றபோது, காரின் பின்பக்கத்தை யாரோ உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்கள். முன்னால் நின்ற பஸ் அசையவே இல்லை. ஆனாலும் பிராங்கிளின் கியரைப் போட்டு நகர்த்தினான். பஸ்ஸின் ஏணிக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் பிடித்து நின்றது கார்.

"யோவ், தூங்கிகினே ஓட்றியா?" என்றாள் எல்சி.

"ரைட் குடுத்தாங்கல்ல."

"எவன் குடுத்தான்? இது இன்னா உன் டிரைலரா?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தபடி திரும்பிப் பார்த்தாள். பின்னால் பால் டேங்கர் ஒன்று நன்றாகத் தள்ளி நின்றது. நடுவில் வெயிலைத் தவிர எதுவும் இல்லை.

அவன் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் இழுக்கிறவன். நாற்பதடிப் பெட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று டிரைவருக்குத் தெரியாது. கிளீனர் இறங்கி நின்று பாடியைத் தட்டுவான். ஒன்று தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் ரைட், வரலாம். அந்தச் சத்தத்துக்கு அவன் காதைவிடக் கால்தான் முந்திக்கொள்ளும். ராயபுரம் வீட்டில் யாராவது கதவை இரண்டு தட்டுத் தட்டினால், தூக்கத்தில் அவன் வலது கால் பாயை மிதிக்கும். கல்யாணமான புதிதில் எல்சி இதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அவன் ஓட்டிய ரோட்டையெல்லாம் தானும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டவளும் அவள்தான். பழைய கார் ஒன்றை வாங்கி, நாக்பூர், ஜபல்பூர், ராய்ப்பூர் என்று சுற்றிக் காட்டினான். இன்றைக்குக் கடைசி ஓட்டம். விடியுமுன் ராஜமுந்திரியில் எடுத்த வண்டி. அவன் கண் இரண்டும் மிளகாய் மாதிரி சிவந்திருந்தது. அவளுக்கு ஓட்டத் தெரியாது. இவன் ஒரு நொடி அசந்தால் இரண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான் என்று நெல்லூரிலிருந்தே அவன் இமையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கும்மிடிப்பூண்டியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். டிக்கி மேல் நான்கு மாநிலத்துப் புழுதி மாவு மாதிரி படிந்திருந்தது. அதில் ஒரு கைத்தடம், ஈரமாக. பெரிய கை. நான்கு விரல் மட்டும்தான் பதிந்திருந்தது. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் புழுதி கலையவில்லை.

"எவனாவது வெச்சிருப்பான், வுடு," என்றான் அவன்.

"கொஞ்ச நேரம் சீட்ட சாச்சிப் படுய்யா. நான் கண்ணு முழிச்சிகினு குந்தினு இருக்கேன்."

"வூட்டாண்ட வந்துட்டு இன்னாடி படுக்கறது."

தச்சூர் கூட்டுரோட்டில் நேராகப் போயிருந்தால் செங்குன்றம், மாதவரம் வழியாக வெளிச்சத்திலேயே வீடு வந்திருக்கும். அங்கே மறுபடியும் கேட்டது. இந்த முறை இடது பக்கம், பின்கதவில். தட், தட். அவன் சட்டென்று இடதுபக்கம் ஒடித்துப் பொன்னேரி ரோட்டில் ஏறினான்.

"இந்தாண்ட இன்னாத்துக்குப் போற?"

"அவன்தான் ரைட் குடுத்தான்ல."

"எவன்யா?"

அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் ரோட்டில்தான் இருந்தது.

அத்திப்பட்டு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் மேகத்துக்குள் போய் முடிந்தன. ரோட்டோரத்துக் கருவேல மரங்கள் சாம்பல் பூசி வெளுத்து நின்றன. ஏசியை மீறி உள்ளே வந்த நிலக்கரி நெடி நாக்கில் இரும்பு மாதிரி கசந்தது. எல்சி ஜெபமாலையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். தலையைத் தூக்கியபோது அவள் முகத்துக்கு நேரே, ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம், சாம்பலில் பதிந்திருந்தது. நான்கு விரல்.

கார் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

டிக்கி. அப்புறம் பின்கதவு. இப்போது இங்கே.

"பிராங்கு, இனிமே எவன் தட்டினாலும் வண்டிய எடுக்காத. நான் வாயால சொன்னாதான் எடுக்கணும். இன்னா?"

"சரிடி, சரி."

எண்ணூரில் டிரைலர்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை அணிவகுத்து நின்றன. டீசல் புகை. ஹாரன் மேல் ஹாரன். நுழைய இடமே இல்லை.

தட், தட்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கார் இடதுபக்கம் மண் பாதையில் இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் பழைய கண்டெய்னர்கள் அடுக்கடுக்காக ஏறிக்கிடந்தன. துரு நாற்றம். வானம் ஒரு கீற்று. கொஞ்ச தூரத்தில் பாதையே இல்லை; குறுக்கே ஒரு பெட்டி.

பிரேக் பிடித்தவன் அப்போதுதான் முழித்துக்கொண்டவன் மாதிரி முகத்தைத் துடைத்தான். "இங்க எப்டி வந்தேன்?"

"திருப்புய்யா. மொதல்ல இங்கேர்ந்து போலாம்."

சற்றுப் பின்னால், பக்கவாட்டில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு கார் நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. அதற்குள் பின்வாங்கித்தான் வண்டியைத் திருப்ப முடியும். கண்ணாடியெல்லாம் சாம்பல் அப்பி எதுவும் தெரியவில்லை.

"எறங்கிப் பாரு," என்றான். "குழி கிழி இருக்கப் போவுது. தட்டு. ஒன்னுன்னா நிப்பேன், ரெண்டுன்னா வருவேன்."

"நான் மட்டும்தான் தட்டுவேன்."

"பின்ன வேற யாரு கீறா இங்க?"

அவள் இறங்கிச் சந்துக்குள் போனாள். முடிவில் இன்னொரு பெட்டி அடைத்து நின்றது. குழி இல்லை. திரும்பி வந்து டிக்கியை இரண்டு தட்டிவிட்டு, அந்தப் பெட்டியில் முதுகு முட்டும்வரை பின்னால் நகர்ந்தாள். வெள்ளை விளக்கு எரிந்தது. கார் மெதுவாக உள்ளே வந்தது. இரண்டு பக்கமும் ஒரு கை நுழையத்தான் இடம்.

போதும்.

ஒன்று தட்டினாள். கார் நின்றது.

மூச்சு விட்டாள்.

அவள் கைக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு விழுந்தது.

ஒன்றும் ஒன்றும் இரண்டு. கார் வந்தது.

ஓங்கி ஒன்று அடித்தாள். நின்றது. உடனே பக்கத்தில் ஒன்று. வந்தது.

"பிராங்கு!"

ரோட்டில் ஹாரன்கள். கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே அவன் பின்தலை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. காது கொடுத்துக் காத்திருக்கிற தலை.

பம்பர் முழங்காலைத் தொட்டது. பின்னால் இரும்பு.

தட்டாவிட்டால் நிற்காது. தட்டினால் இரண்டாகும்.

கை அந்தரத்தில் நின்றது. புழுதியில் அவள் விரல்கள் ஐந்தின் தடம். அதை ஒட்டினாற்போல், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொன்றாக நான்கு விரல் பதிந்தன.

அவை அங்கேயே இருந்தன. அவள் அடுத்த தட்டுக்காகக் காத்துக்கொண்டு.