எத்தனை என்று கேட்டவர்

தம்பானூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது சொர்ணம்மாளின் அலுவலகம். குற்றப் பிரிவில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். உதவிக்கு பிரபின்; முன்பு இன்ஷூரன்ஸ் விற்றவர், நாற்பதைத் தாண்டியும் எதற்கும் அவசரப்படுபவர்.

அன்று மதியம் வந்த மனிதர் நாற்காலியில் உட்காரவே இல்லை. பெயர் சத்தியதாஸ், பாறசாலையில் கொத்தனார்.

"எனக்க வீட்டுக்காரியைப் போலீஸ் கொண்டு போயிட்டாவ. பிள்ளைக்கு விஷம் குடுத்தாளாம்."

அவர் மனைவி சரோஜம், வலியசாலையில் ஒரு வீட்டில் மீனு என்ற இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள். காலையில் ராகிக் குறுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, பாத்திரம் கழுவ அடுக்களைக்குள் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது குழந்தை வாந்தியெடுத்து, எச்சில் வழிய, வலிப்பில் கைகால் வெட்டிக்கொண்டு கிடந்தது. அடுக்களை மூலையில் அன்று காலை சரோஜமே தூவிய கரப்பான்பூச்சிப் பொடி இருந்தது. போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது.

"அவ என்ன சொல்றா?" என்று கேட்டார் சொர்ணம்மாள்.

"ஒரு நிமிஷம்தான் போன்ல பேச விட்டாவ. வாந்தியில புதினா மணம் அடிச்சுதுன்னு சொன்னா. அங்க சொல்லியும் யாரும் கேக்கல்ல."

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிரபின் முடிவே கட்டிவிட்டார். "பொடி தூவின கையோட ஊட்டியிருப்பா, அக்கா. கைத்தப்புதான். கேஸ் நிக்காது."

"பூச்சிப் பொடிக்குப் புதினா மணம் உண்டா?"

பிரபின் ஆட்டோக்காரரை வேகமாகப் போகச் சொன்னார்.

குழந்தைகள் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் டாக்டர் ரெம்யா நின்றிருந்தார். சொர்ணம்மாளை அவருக்குப் பழைய வழக்குகளில் தெரியும்.

"பூச்சிமருந்து மாதிரிதான் இருக்கு. அதுக்குத்தான் மருந்து குடுக்கறோம்," என்றார் களைத்த குரலில். "ஆனா ஏதோ ஒத்து வரல. உள்ள போனது இன்னதுன்னு தெரிஞ்சா நல்லது. இன்னொரு வெட்டு வந்தா மூச்சு தாங்குமான்னு சொல்ல முடியாது."

பெற்றோர் பெஞ்சில் இருந்தார்கள். தாய் ஸ்ரீலட்சுமியின் மடியில் குழந்தையின் துண்டு. தந்தை நீலகண்டன் ஆடிட்டர். சட்டைப் பை புடைத்திருக்க, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவருக்கு விக்கல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. சொர்ணம்மாள் எதுவும் கேட்காமல் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். பிரபின் காப்பி வாங்கி வந்து நீட்டினார்.

நீலகண்டன் கையை ஆட்டினார். "இப்போ குடிக்கப்படாது." சொல்லும்போது அவருடைய இடது கன்னத்தில் ஏதோ புடைத்து, வலது கன்னத்துக்கு நகர்ந்தது. பிறகு கடிபடும் சத்தம் மெல்லக் கேட்டது. மறுபடி விக்கல்.

ஸ்ரீலட்சுமி தரையைப் பார்த்தபடி பேசினாள். "அந்தப் பாவி எவ்வளவு பொடியைக் கலந்தாளோ."

"எத்தனை தின்னாளோ தெரியலையே," என்றார் நீலகண்டன், தனக்குத்தானே சொல்வதுபோல.

சொர்ணம்மாள் எழுந்தார். டாக்டரை வெளியே அழைத்து வரச் சொல்லி பிரபினை அனுப்பினார். டாக்டர் வந்ததும், எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் குரலை உயர்த்தாமல் பேசினார்.

"உங்க மனைவி 'எவ்வளவு'ன்னு கேட்டாங்க. பொடியை அப்படித்தான் கேக்கணும். நீங்க 'எத்தனை'ன்னு கேட்டீங்க. பொடியை யாரும் எண்ணித் தின்ன முடியாது, நீலகண்டன்."

பிரபின் குறுக்கிட்டார். "அக்கா, மலையாளத்துல ரெண்டுக்கும் 'எத்ர'தானே? பேச்சு மாறியிருக்கும்."

"அவர் மலையாளத்துல பேசல. வலியசாலைத் தமிழ்ல பேசினார். அதோட, கலந்தாளோன்னு அவங்க சரோஜத்தைச் சொன்னாங்க. தின்னாளோன்னு இவர் குழந்தையைச் சொன்னார். குழந்தை தானே எடுத்துத் தின்னதுன்னு இவருக்குத் தெரியும்."

சொர்ணம்மாள் நீலகண்டன் பக்கம் திரும்பினார்.

"காப்பி வேண்டாம்னு நீங்க சொல்லல. குடிக்கப்படாதுன்னு சொன்னீங்க. வாயில ஏதோ இருக்கறப்போ காப்பி குடிச்சா அது வேலை செய்யாது; யாரோ அப்படிச் சொல்லிக் குடுத்திருக்காங்க. என் தம்பி சிகரெட்டை விடறப்போ இதே மாத்திரையைத்தான் வாயில போட்டிருந்தான். கரைய விடாம கடிச்சு முழுங்குவான். நாள் முழுக்க விக்கல். மாத்திரைக்குப் புதினா மணம். குழந்தையோட வாந்தியிலயும் அதே மணம்." சொர்ணம்மாள் கையை நீட்டினார். "சட்டைப் பையில இருக்கறதைக் குடுங்க. டாக்டர் காத்திட்டிருக்கார்."

சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது தகர டப்பா. மூடியில் புதினா இலைகளும் சிரிக்கும் கரடியும். பாதிக்கு மேல் காலி.

"நிக்கோட்டின்," என்றார் நீலகண்டன். "நாலு மில்லிகிராம்."

டாக்டர் ரெம்யா டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

கதவு மூடியபின் ஸ்ரீலட்சுமி கேட்டாள். "சிகரெட்டை அவ பிறந்த அன்னிக்கே விட்டாச்சுன்னு சொன்னேளே. அவ தலைல கை வச்சு."

"விடலை. ஆபீஸ்ல பிடிச்சிண்டுதான் இருந்தேன். போன மாசம்தான் நிஜமாவே விடணும்னு இதை வாங்கினேன். அட்டையைப் பார்த்தா நீ கண்டுபிடிச்சிடுவே. அதான் உரிச்சு இந்த டப்பால போட்டு வச்சேன்." அவர் குரல் இறங்கியது. "முன்னாடி இதுல மிட்டாய்தான் இருந்தது. அவளுக்குக் குடுத்திருக்கேன்."

"உங்க ஆபீஸ் பை கட்டில்ல இருந்ததா?" என்று கேட்டாள்.

"ஆமா. குழந்தையைத் தூக்கறச்சே கட்டிலுக்கடியில டப்பா திறந்து கிடந்தது."

"அப்பவே தெரியும் உங்களுக்கு."

"வழியிலயே சொல்லணும்னு இருந்தேன், ஸ்ரீ. இங்க வந்ததும் டாக்டரே பூச்சிமருந்துன்னு சொன்னார். அதுவாவே இருந்துட்டுப் போகட்டும்னு தோணித்து."

ஸ்ரீலட்சுமி துண்டை மடித்து எடுத்துக்கொண்டு பெஞ்சின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தாள். அவர் கூப்பிட்டபோது திரும்பவில்லை.

பொழுது சாய்வதற்குள் வெட்டு நின்றது. மூச்சு சீரானது. பிழைத்துவிடுவாள் என்று சொன்ன டாக்டர் ரெம்யா, நீலகண்டனிடம் தனியாக நின்று பேசினார். "மறுபடி சிகரெட்டுக்குப் போயிடாதீங்க. இது நல்ல மருந்துதான். வந்த அட்டையிலேயே வச்சு, குழந்தை கைக்கு எட்டாத அலமாரியில பூட்டுங்க. கடிக்காதீங்க, முழுங்காதீங்க. கன்னத்துல வச்சு மெல்லக் கரைய விடுங்க. வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். எனக்கு இதைக் காலையிலேயே சொல்லியிருந்தா, வேண்டாத மருந்தெல்லாம் அவ ரத்தத்துல ஏத்தியிருக்க மாட்டேன்."

நீலகண்டன் தலையாட்டினார். விக்கல் இன்னும் நிற்கவில்லை.

அவர் கையெழுத்திட்ட வாக்குமூலத்தோடு சொர்ணம்மாளும் பிரபினும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். சத்தியதாஸ் வாசலிலேயே நின்றிருந்தார். சரோஜம் வெளியே வந்தாள். செருப்பில்லை. சேலையில் காலையின் வாந்திக் கறை காய்ந்திருந்தது.

"பிள்ளை?" என்றாள்.

"பிழைச்சாச்சு," என்றார் சொர்ணம்மாள்.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் இடது காதைப் பொத்தியிருந்ததைப் பிரபின் பார்த்தார். அருகே குனிந்து, "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்டார். அவள் அசையவில்லை. அவர் சுற்றிப் போய் வலது பக்கம் உட்கார்ந்து மறுபடி கேட்டார்.

"இல்ல," என்றாள் சரோஜம். "வீட்டு சார்தான் கன்னத்துல ஒண்ணு வச்சாவ. பிள்ளையைத் தூக்க வந்தப்போ. அதுக்குப் பொறவு இந்தப் பக்கம் ஒண்ணும் கேக்கல்ல."