விட்டுக்கொடுக்காத பெல்ட்

முதல் நாள் அஃபீஃபா அதைத் தன் உடம்பின் கோளாறு என்றுதான் நினைத்தாள். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்து, காரை ஓட்டிக்கொண்டு கீழக்கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். திருப்புல்லாணி தாண்டி, இருபுறமும் கருவேலம் அடர்ந்து, கடலின் கவிச்சியும் காய்ந்த கண்மாயின் புழுதியும் ஒன்றாகக் கலந்து வீசும் அந்தச் சாலையில் அவளுக்கு ஒரு கொட்டாவி வந்தது. காற்று உள்ளே போகப் போக, நெஞ்சுக்குக் குறுக்கே கிடந்த சீட் பெல்ட் நெகிழ்ந்து கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. மூச்சை விட்டதும் மட்டும், கதவோரத் தூணுக்குள் யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல் மெல்ல ஒரு சத்தம். பெல்ட் அந்த இடைவெளியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. வீடு வந்து சேர்ந்தபோது தோளிலிருந்து இடுப்புவரை சிவப்பாக ஒரு கோடு பதிந்திருந்தது.

வண்டி புதுசு. அவள் பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கக் கூடாதென்று, சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கும் கணவன் தாஹா வாங்கிக்கொடுத்தது. மறுநாளே ஷோரூமின் சர்வீஸ் மேனேஜர் காளீஸ்வரனுக்குப் போன் செய்தாள்.

"சீட் பெல்ட்டுக்கு ரீகால் வந்திருக்கு மேடம். வண்டியெல்லாம் திருப்பிக் கூப்புட்டுச் சரிபண்ணித் தாராங்க. ஆனா உங்க வண்டி அந்த பேட்ச்ல வரல."

"பேட்ச்ல வரலன்னா என் தோள்ல எப்படிங்க கோடு வருது?"

"டைட்டாப் போட்டிருப்பீங்க மேடம்."

கம்பெனியின் இலவச எண்ணுக்கு எத்தனை முறை அழைத்தாள் என்பது அவளுக்கே மறந்துபோனது. ஒவ்வொரு முறையும் வேறொரு குரல். ஒவ்வொரு குரலுக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடைசியில் அவள் வண்டியும் அந்த பேட்ச்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் மாற்றுவதற்குப் புது பெல்ட் வரவில்லை என்றான் காளீஸ்வரன்.

"அதுவரைக்கும் பெல்ட் போடாம ஓட்டட்டுமா?"

"போடாம ஓட்டி ஏதாச்சும் ஆனா கம்பெனி பொறுப்பில்ல மேடம்."

"போட்டுக்கிட்டு ஏதாச்சும் ஆனா?"

காளீஸ்வரன் லைனை ஹோல்டில் போட்டான். போனில் பாட்டு ஓடத் தொடங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பாட்டு முடியும்வரை காத்திருந்தாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடியது.

ஒருவழியாக வண்டியை ஷோரூமில் வாங்கி வைத்திருந்து, கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"என்ன மாத்துனீங்க?"

"சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியாச்சு மேடம்."

"பெல்ட்டுக்கு என்னங்க சாஃப்ட்வேர்?"

காளீஸ்வரன் குரலைத் தாழ்த்தினான். "இந்த ரீகால்ங்கற வார்த்தைய மட்டும் வெளிய சொல்லாதீங்க மேடம். தரப் பரிசோதனைன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. நாடு முழுக்க வேற யாரும் இப்படிக் கம்ப்ளெய்ன்ட் பண்ணல, உங்களைத் தவிர."

தாஹாவும் வீடியோ காலில் கம்பெனி பக்கம்தான் பேசினான். "கம்பெனிக்காரனே பாத்துட்டுச் சரின்னுட்டான். நீ ஏன் புள்ள சும்மா போட்டு மனசக் குழப்பிக்கிற?"

பேசி என்ன ஆகப்போகிறது? போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த வாரம், ராமநாதபுரத்தில் படிக்கும் மகள் சுஹாவைப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தாள். பொழுது சாயும் நேரம். பின் சீட்டில் குழந்தை முறுக்கைக் கடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"உம்மா, பக்கத்து பெல்ட் மூச்சு விடுது."

கண்ணாடியில் பார்த்தாள். சுஹாவின் அருகில் யாரும் இல்லை. ஆனால் அந்தக் காலி சீட்டின் பெல்ட் இழுத்து மாட்டப்பட்டிருந்தது. உள்ளே ஒரு உடம்பு இருப்பதுபோல் முன்னுக்கு உப்பி நின்றது. மெல்லத் தாழ்ந்தது. எழுந்தது.

"நீயா மாட்டுன?"

"இல்ல உம்மா."

தூணுக்குள் அந்தச் சுரண்டல். இப்போது ஒரு தூணில் அல்ல. நாலிலும்.

"உம்மா, எனக்கு இறுக்குது."

பிரேக்கை மிதித்தாள். வண்டி ஓரத்தில் போய் நின்றது. திரும்பப் பார்த்தாள், முடியவில்லை. பெல்ட் அவளை சீட்டோடு சேர்த்து அழுத்தியது. பொத்தானை அமுக்கினாள். அமுங்கியது. விடவில்லை.

"உம்மா..."

குரலில் காற்று குறைந்திருந்தது.

மூச்சை விடக் கூடாது. விட்டால் அது எடுத்துக்கொள்ளும். கொஞ்சமாக இழுத்தாள். கொஞ்சமாகப் பிடித்தாள். கை பையைத் துழாவியது. ஊசி உறை. பஞ்சு. பிளாஸ்திரி. கத்தரிக்கோல். கட்டு வெட்டும் கத்தரிக்கோல். யா அல்லாஹ். வெட்டினாள். நார் நாராகப் பிரிந்தது. இன்னொரு வெட்டு. விலா எலும்பு சுளீரென்று வலிக்க, இரண்டு சீட்டுக்கும் நடுவே பின்னால் பாய்ந்தாள். சுஹாவின் உதடு நீலம் பூத்திருந்தது. வெட்டினாள். வெட்டினாள்.

குழந்தை இருமியது. அழுதது. அந்த அழுகையைப்போல் இனிமையான எதையும் அஃபீஃபா கேட்டதில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு சாலையில் ஓடி, எதிரே வந்த பஸ்ஸை மறித்தாள்.

இந்த முறை காளீஸ்வரன் அவனாகவே கூப்பிட்டான். வண்டியைக் கம்பெனி எடுத்துக்கொண்டதாம். வேறு வண்டி தருவார்களாம். ஃபேஸ்புக், வாட்ஸ்அப் என்று எங்கும் இதைப் பற்றி எதுவும் எழுதிப் போட வேண்டாமாம்.

"உங்க வண்டியே வேணாம். எம் புள்ளையோட புத்தகப் பை உள்ள கெடக்கு. அத எடுக்கணும். வண்டி எங்கன நிக்குது?"

உப்பூர் போகும் கடற்கரைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு மண்பாதையைச் சொன்னான். மறுநாள் மதியம் பஸ்ஸில் போய் இறங்கினாள். தகர வேலிக்குள் பரந்த பொட்டல். கேட்டருகே முள் மர நிழலில் வாட்ச்மேன் இருளாண்டி உட்கார்ந்திருந்தார்.

"பையைத்தானே தாயி? போயி எடுத்துக்க. நான் உள்ள வரமாட்டேன்."

"ஏன்?"

அவர் எழுந்து கேட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே போனவள் நின்றுவிட்டாள். ஒரு வண்டி அல்ல. அதே மாடல், வரிசை வரிசையாக, வேலியின் மறுகோடிவரை. நம்பர் பிளேட் கழற்றப்பட்டவை. உப்புக்காற்றில் துருவேறத் தொடங்கியவை. ஒன்றின் டாஷ்போர்டில் காய்ந்த பூச்சரம். இன்னொன்றில் ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணி. இன்னொன்றில் பால் புட்டி.

வேற யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணல.

"இந்த வண்டிக்காரவங்க எல்லாம் எங்க?" என்று திரும்பிக் கத்தினாள். இருளாண்டி கேட்டைவிட்டு இன்னும் தள்ளிப் போனார்.

அவளுடைய வண்டி முதல் வரிசையிலேயே நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுஹாவின் பை தெரிந்தது. அதற்கு மேலே, அவள் கையால் வெட்டி எறிந்த பெல்ட், ஒரு நூல்கூடப் பிரியாமல் முழுசாக, மாட்டியபடி. ஒரு குழந்தையின் நெஞ்சு உயரத்தில்.

அது எழுந்தது. தாழ்ந்தது.

பக்கத்து வண்டியில் பார்த்தாள். அதற்கடுத்ததில். எல்லாக் காலி சீட்டுகளிலும் பெல்ட்டுகள் மாட்டியிருந்தன. எல்லாம் எழுந்தன. எல்லாம் தாழ்ந்தன. ஒரே சீராக. அவளுடைய மூச்சோடு.

மூச்சைப் பிடித்தாள்.

எல்லாம் நின்றன. பொட்டலில் காற்றுகூட அசையவில்லை. அவை காத்திருந்தன.

நெஞ்சு எரிந்தது. கண் இருண்டது. இதற்குமேல் முடியவில்லை. மூச்சை விட்டாள்.

நாலா பக்கமும் அந்தச் சுரண்டல். வரிசைக் கோடிவரை அத்தனை பெல்ட்டுகளும் ஒரு விரற்கடை இறுகின.

வெட்டவெளியில் நின்றபடி மறுபடி மூச்சை இழுத்தாள். பாதிக்குமேல் உள்ளே போகவில்லை.