வளைந்து வந்த ரிப்பன்

அறிவியல் நாளன்று ஏழு பேர் மேடையில் நியூட்ரான் நட்சத்திரமாக நிற்பது என்று முடிவானது. அதில் வாலுவும் ஒருத்தி. வகுப்பிலேயே குள்ளமானவள் என்பதால் டீச்சர் அவளை முன்னால், நட்டநடுவில் நிறுத்தினார். வாலுவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஏழு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி வட்டமாக நிற்க வேண்டும். அதுதான் நட்சத்திரம். ஒவ்வொருவர் கையிலும் நீளமான ரிப்பன். அதுதான் ஒளி. கைப்பக்கம் நீலமாகவும், போகப் போகச் சிவப்பாகவும் சாயம் போட்டிருந்தார்கள். முன்னால் நிற்பவர்களின் ரிப்பன் மேடையை விட்டு இறங்கி, முதல் வரிசையில் இருக்கும் பெற்றோரின் கைக்குப் போகும்.

நிஜ நியூட்ரான் நட்சத்திரம் பம்பரமாகச் சுற்றும். ஒத்திகையில் இவர்களும் சுற்றிப் பார்த்தார்கள். இரண்டு பேர் ரிப்பனில் சிக்கி விழுந்தார்கள். ஒருவன் வாந்தி எடுத்தான்.

"போதும்டா சாமி! நம்ம நட்சத்திரம் நின்னுக்கிட்டே இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

ஒத்திகை முடிந்ததும் கொக்கு மட்டும் மேடையிலேயே உட்கார்ந்திருந்தாள். கொக்குதான் வகுப்பில் உயரமானவள். வாலுவின் உயிர்த்தோழி.

"என்னடி, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு?"

"அம்மா விழாவுக்கு வர்றாங்க."

"நல்ல விஷயம்தானே?"

"என்ன நல்ல விஷயம்? அவங்க பஸ் ஓட்டுறதால இதுவரைக்கும் ஒரு விழாவுக்கும் வர முடிஞ்சதில்ல. இந்தத் தடவை இன்னொரு டிரைவர்கிட்ட கெஞ்சி ஷிஃப்ட் மாத்தியிருக்காங்க. வந்து என்னத்தைப் பார்ப்பாங்க? என் பின்னந்தலையை! என் ரிப்பன் சுவருக்குத்தானே போகுது?"

அது உண்மைதான். நாடகமோ புகைப்படமோ, உயரமாக இருப்பதால் கொக்குவுக்கு எப்போதும் பின்வரிசைதான்.

"டீச்சர்கிட்ட சொல்லவா?"

"ஐயோ, வேணாம்! அழுது இடம் வாங்கிட்டேன்னு எல்லாரும் ஓட்டுவாங்க."

மறுநாள் ஒத்திகையில் வாலு தன் வசனத்தைத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"நான் நியூட்ரான் நட்சத்திரம்! ஒரு நகரத்தின் அளவுதான் இருப்பேன். ஆனால் சூரியனைவிட எடை அதிகம்! என் ஈர்ப்பு ஒளியையே வளைத்துவிடும்!"

கத்தியவள் திறந்த வாயை மூடவில்லை.

"என்னாச்சு? மறந்துடுச்சா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். ஒளி வளையும்னு நான் கத்துறேன். ஆனா நம்ம ரிப்பன் எல்லாம் குச்சி மாதிரி நேரா போகுதே!"

டீச்சர் ரிப்பன்களைப் பார்த்தார். "அட, ஆமா!"

"வளைஞ்சா, பின்பக்கத்துல கிளம்புற ஒளியும் சுத்திக்கிட்டு முன்னாடி வரும்ல?"

"வரும்! அதனாலதான் பின்பக்கத்துலயும் கொஞ்சம் நமக்குத் தெரியும். எனக்கு இது தோணவே இல்ல பாரு!" டீச்சர் தலையில் தட்டிக்கொண்டார். "ஆனா நட்டநடு முதுகு பொதுவா தெரியாது. அவ்வளவு தூரம் வளையாது."

நட்டநடு முதுகில் நின்றது கொக்குதான். நிமிர்ந்த அவள் முகம் மறுபடி தொங்கியது.

வாலு தன் இடத்தைப் பார்த்தாள். எவ்வளவு நல்ல இடம்! அவளுடைய அப்பாவும் கேமராவோடு வருவதாகச் சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் மனசு அடித்துக்கொண்டது.

"டீச்சர், அங்க நான் நிக்கிறேன். கொக்கு கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளி நிக்கட்டும். அங்க இருக்கிறவன் என் இடத்துக்கு வரட்டும்."

"கொக்குவையே முன்னாடி நிறுத்திடலாமே?"

"அப்புறம் மத்தவங்க யாரும் தெரிய மாட்டாங்க டீச்சர். அவ மரம்!"

கொக்கு அவளை நறுக்கென்று கிள்ளினாள்.

"உன் வசனம் என்னாகும்?" என்றார் டீச்சர்.

"என் குரலுக்கு முதுகு, முன்பக்கம்னு ஏதாவது இருக்கா டீச்சர்?"

டீச்சர் சிரித்துக்கொண்டே மூன்று பேரையும் இடம் மாற்றி நிறுத்தினார்.

விழாவன்று கொக்குவின் அம்மா சீருடையோடு ஓட்டமும் நடையுமாக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். கொக்குவின் ரிப்பன் பின்பக்கத்தில் கிளம்பி, பக்கத்தில் நின்றவனின் தோளைச் சுற்றி வளைந்து, இறங்கி, அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

"நான் பின்பக்கத்தில் கிளம்பிய ஒளி!" கொக்குவின் குரல் கணீரென்று எழுந்தது. "கிளம்பும்போது நீலமாக இருந்தேன். இந்த ஈர்ப்பை மீறி வந்ததில் என் வேகம் குறையவில்லை. ஆற்றல்தான் குறைந்து, சிவந்துவிட்டேன். வளைந்து வந்ததால் உங்களுக்குத் தெரிகிறேன்!"

சொல்லிவிட்டு ரிப்பனை மெல்ல இழுத்தாள். மறுமுனையில் அம்மாவும் இழுத்தார். இழுத்தவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார்.

"ஏங்க, இது என் பொண்ணுங்க! பின்னாடி நிக்கிறா பாருங்க, அவதான்!"

அரங்கமே சிரித்துக் கைதட்டியது.

வாலுவுக்கு எதுவும் தெரியவில்லை. மூக்குக்கு நேரே வெள்ளைச் சுவர்தான் இருந்தது. ஆனால் கொக்குவின் அம்மா சொன்னது நன்றாகக் கேட்டது. பக்கத்தில் நின்ற கொக்கு அவள் கையைப் பிடித்து நசுக்கினாள்.

கை வலித்தது. வாலு சுவரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.