செம்புக் கம்பியை வளைத்த கை

"காப்பாத்துங்க...!"

குளிரறைக்குள்ளிருந்து அலறல் கேட்டது. பிறகு அதுவும் நின்றுபோனது!

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் உலோக ஆய்வுக்கூடம். குளிரறைக் கதவின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து, விரல் தடிமனான செம்புக் கம்பியை யாரோ வளைத்துப் பூட்டியிருந்தார்கள்.

மூன்று போலீஸ்காரர்கள் முக்கினார்கள். கம்பி அசையவில்லை. தீயணைப்புப் படை வந்து ரம்பத்தால் அறுத்து, பேராசிரியர் ஹெப்வொர்த்தை ஆம்புலன்ஸில் ஏற்றியது. மூச்சு இருந்தது... பேச்சு இல்லை.

இன்ஸ்பெக்டர் ஆலர்டன் மீசையைத் தடவினார். அவருக்கு மீசை கிடையாது. உதட்டுக்கு மேலே பிஸ்கட் துகள்தான் இருந்தது.

"மூணு பேரால நிமித்த முடியல. அப்ப வளைச்சவனுக்கு மூணு ஆள் பலம்! இங்க அப்படி ஒருத்தன்தான் இருக்கான்!"

பார்னபி ஸ்டப்ஸ். ஆய்வுக்கூடச் சிப்பந்தி. முன்னாள் ரக்பி வீரன். பார்த்தால் அலமாரி மாதிரி இருப்பான்.

"சார், சத்தம் கேட்டு முதல்ல ஓடி வந்ததே நான்தான்! நானும் இழுத்துப் பாத்தேன், அசையல!"

"நடிக்காதே!"

க்ளிக்! விலங்கு விழுந்தது.

"சார்... என் பொண்டாட்டி பிரசவ வார்டுல இருக்கா. இப்பவோ அப்பவோன்னு..."

"குழந்தை ஜெயிலுக்கு வந்து உன்னைப் பாக்கும்."

சொன்ன பிறகு ஆலர்டனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் இவ்வளவு சீக்கிரம் ஒரு கேஸ் அவருக்கு முடிந்ததே இல்லை. போன கேஸில் புகார் கொடுக்க வந்தவரைத்தான் கைது செய்திருந்தார்.

"டீ குடிங்க இன்ஸ்பெக்டர்."

டாக்டர் வினிஃப்ரெட். பேராசிரியரின் சக ஆராய்ச்சியாளர். ஓய்வு பெறும் வயது. தீக்குச்சிக்குக் கவுன் மாட்டியதுபோல் ஆலர்டனுக்குத் தெரிந்தார்.

ஸ்பூனைக் காணோம். உலைக்குப் பக்கத்துத் தட்டில் கதவில் இருந்தது போன்ற செம்புக் கம்பிகள் கிடந்தன. ஆலர்டன் ஒன்றை எடுத்துக் கலக்கினார். இன்னொரு கையால் சும்மா ஒரு அழுத்து...

கம்பி வளைந்துவிட்டது!

'அட, நமக்கு இவ்வளவு பலமா!' புஜத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உடனே நிமிர்த்த முயன்றார். முகம் சிவந்ததே தவிர கம்பி நிமிரவில்லை.

வினிஃப்ரெட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாடம் எடுத்த வாய் சும்மா இருக்குமா?

"அது உங்க பலம் இல்ல! செம்புல அணுக்கள் வரிசையா நிக்கும். அங்கங்க வரிசையில ஒரு பிசகு இருக்கும். அந்தப் பிசகு நகர்றதாலதான் கம்பியே வளையுது. உலையில காய்ச்சி ஆறவெச்சா பிசகு குறைஞ்சிடும், மிச்சம் தாராளமா நகரும். குழந்தைகூட வளைக்கலாம். ஆனா வளைச்சதும் பிசகு எக்கச்சக்கமாப் பெருகி, ஒண்ணையொண்ணு முட்டி நின்னுடும். அப்புறம் பயில்வான் வந்தாலும் நிமித்த முடியாது!"

"பிசகு கூடினா உறுதி கூடுமா? அப்ப நான் இரும்பு மனுஷன்!"

சிரித்த ஆலர்டன் சட்டென்று நிறுத்தினார்.

"குழந்தை வளைக்கலாம்னா... தீக்குச்சியும் வளைக்கலாமே! இதையெல்லாம் உலையில வெச்சது யாரு?"

வாசலருகே விலங்கோடு உட்கார்ந்திருந்த பார்னபி கத்தினான்.

"டாக்டரம்மாதான் சார்! அந்த உலையை வேற யாரையும் தொட விட மாட்டாங்க!"

வினிஃப்ரெட்டின் சிரிப்பு மறைந்தது.

"ஆமாய்யா! என் வாழ்நாள் ஆராய்ச்சியை அந்தாளு தன் பேர்ல அச்சேத்திட்டான்!"

மெலிந்த கை தட்டுக்குப் பாய்ந்தது. ஒரு கம்பி... ஆலர்டனின் மணிக்கட்டு... பக்கத்து ஹீட்டர் குழாய்... ஒரே முறுக்கு!

நல்லவேளை, ஜூன் மாதக் கோடை. குழாயில் சூடில்லை.

வினிஃப்ரெட் வாசலை நோக்கி ஓடினார். பார்னபி எழுந்து நின்றான். அவ்வளவுதான். வாசலே காணாமல் போய்விட்டது!

ஆலர்டன் இடது கையால் சாவியை வீசினார். பார்னபியின் விலங்கு கழன்று வினிஃப்ரெட்டின் கைக்குப் போனது. அவர் நாற்காலியில் சரிந்தார்.

பார்னபியின் போன் அலறியது.

"பொண்ணு பொறந்திருக்கா சார்!" குலுங்கி அழுதான்.

"தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுப்பா..." ஆலர்டன் குழாயோடு கட்டுண்ட கையைக் காட்டினார். "போறதுக்கு முன்னாடி இந்தக் கம்பியைக் கொஞ்சம் நிமித்திட்டுப் போயேன்!"

பார்னபி வாசலில் நின்று திரும்பினான்.

"வளைச்சவங்களுக்குத்தான் மூணு ஆள் பலம்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அதோ உக்காந்திருக்காங்க... அவங்களையே கேளுங்க!"