ரலிட்சாவுக்குப் பேச்சு வந்த குளிர்காலம்

ரலிட்சாவை ரயில் நிலையத்திலிருந்து அந்த வீட்டுக்கு அழைத்துப் போனவள் நான்தான். அதனால் இதைச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

ஜப்பானில், நீகாட்டாவின் மலைப்பக்கத்தில் ஒரு சின்ன நகரம். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். நான் அப்போது மூன்றாம் ஆண்டு. வெளிநாட்டிலிருந்து படிக்க வருகிறவர்களுக்கு உள்ளூர் மாணவி ஒருத்தியைத் துணைக்குப் போடுவார்கள். அந்த அக்டோபரில் எனக்குக் கிடைத்தவள் பல்கேரியாவிலிருந்து வந்த ரலிட்சா. மழையில் நனைந்த தவிட்டு நிறக் கோட்டு, ஒரே ஒரு பெட்டி, என்ன கேட்டாலும் சிவந்துபோகும் முகம்.

இகராஷி அம்மாவின் மாணவியர் விடுதி பழைய மர வீடு. கீழே இரண்டு பெண்கள் இருந்தார்கள். மாடியில் கடைசிக்கு முந்தைய அறையை ரலிட்சாவுக்கு ஒதுக்கியிருந்தார். அதற்கு அப்பால் பூட்டிய அறை ஒன்று. உள்ளே பழைய மெத்தைகள் கிடக்கின்றன, திறப்பதில்லை என்றார் இகராஷி அம்மா. சொல்லிவிட்டு ரலிட்சாவை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல பெண்ணாகத் தெரிகிறாள் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

ரலிட்சாவுக்கு எங்கள் மொழி படிக்க வரும். பேச வராது. கடையில் சாப்பாட்டுப் பெட்டியைச் சூடாக்கட்டுமா என்று கேட்டால்கூட வாயைத் திறந்து மூடுவாள். வகுப்பில் யாரோ சிரித்துவிட்ட ஒரு நாள், கழிவறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஊருக்கே திரும்பிப் போய்விடுகிறேன் என்றாள். நான் என்னவெல்லாமோ சொல்லித் தடுத்தேன்.

நவம்பர் பாதியில் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது.

கொஞ்சம் கொஞ்சமாக அல்ல. மடை திறந்த மாதிரி. கடைக்காரரிடம் கேலி பேசினாள். பேருந்தில் முதியவர்களோடு வழக்காடினாள். வார்த்தைகளின் கடைசியை இழுத்து, எங்கோ மலை மேட்டில் கத்திப் பேசிப் பழகியவள்போலப் பேசினாள். எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன்.

"பக்கத்து ரூம் அக்கா சொல்லிக் குடுக்கறாங்க. சாயங்காலமானா செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து பேசுவாங்க. ரொம்பப் பொறுமை."

கீழ் அறைப் பெண்களில் ஒருத்தி மாடிக்கு மாறியிருப்பாள் என்று நினைத்தேன். விசாரிக்கத் தோன்றவில்லை. எனக்கும் தேர்வுகள் இருந்தன.

டிசம்பரில் பனி விழுந்தது. வழக்கம்போல, பனிப் பாரம் கண்ணாடியை உடைக்காதபடி ஜன்னல்களுக்கு வெளியே பலகை அடித்தார்கள். அதன் பிறகு அந்த மாடியில் பகல் என்பதே கிடையாது. மூன்று மணிக்கெல்லாம் கிணற்றுக்குள் இருப்பது போலிருக்கும். மண்ணெண்ணெய் அடுப்பின் வாடையும், காயாத கம்பளியின் வாடையும்.

அந்த வாரம் ஹோன்மா சாரின் வகுப்பில் ரலிட்சா கட்டுரை வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு, கேள்விகளுக்குத் தாளைப் பார்க்காமல் பதில் சொன்னாள். சார் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. ஒரு சொல்லைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னாள். இன்னொரு முறை கேட்டார். வகுப்பு முடிந்ததும் அவளை அனுப்பிவிட்டு என்னை நிறுத்திக்கொண்டார்.

முப்பது வருடமாக மலைக் கிராமங்களின் பேச்சைச் சேகரிப்பவர் அவர். ஹினோகுபோ என்று ஒரு கிராமம் இருந்ததாம். நாற்பது வீடுகள். அறுபது வருடங்களுக்கு முன்னால் ஒரு காலையில் பனி சரிந்து மொத்தமும் மூடிப்போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு பெண். அவள் படிப்பதற்காக இங்கே நகரத்துக்கு வந்திருந்தாள். வந்த முதல் நாளே அவள் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்ததால், ஊர்ப்பேச்சை அடக்கிவைத்திருந்தாள். பிறகு ஊரே இல்லை. அதைப் பேச ஆளும் இல்லை. சார் இளைஞராக இருந்தபோது அந்தப் பெண்மணியைப் போய்ப் பார்த்திருக்கிறார். அவர் வாயே திறக்கவில்லையாம்.

"அந்தப் பேச்ச நான் பழைய காகிதத்துல மட்டும்தான் பாத்திருக்கேன். சத்தமா கேட்டது இன்னிக்குத்தான்," என்றார்.

அந்தப் பெண்மணி எங்கே இருந்தார் என்று கேட்டேன்.

"படிக்க வந்து தங்கின வீட்டுலயேதான். சாகுற வரைக்கும். இகராஷி வீட்டு மாடியில."

நான் ஓடினேன் என்று சொல்ல முடியாது. அந்தப் பனியில் ஓட முடியாது. விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. கீழே யாரும் இல்லை. படியேறும்போதே மேலே ரலிட்சா சிரிக்கும் சத்தம் கேட்டது.

சிரிப்பு நின்றது. யாரோ பேசுவதைக் கேட்பது போன்ற இடைவெளி. மறுபடி சிரிப்பு.

கதவைத் தள்ளினேன். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில், உரித்த சுளைகள் சுவரைப் பார்த்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. மடிக்கணினியில் அழைப்பு ஒலித்துக்கொண்டே இருந்தது. எடுக்கச் சொன்னேன். எடுத்தாள்.

அவள் அம்மா திரையில் தெரிந்தார். பெயர் வஸில்கா. ஏற்கெனவே இரண்டு முறை எனக்குக் கையசைத்திருக்கிறார். தன் மொழியில் ஏதோ கேட்டார். ரலிட்சா பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். அழ ஆரம்பித்தார். ரலிட்சா, வழி கேட்கும் வெளிநாட்டுக்காரரைப் பார்த்து நாம் சிரிப்போமே, அந்த மாதிரி மரியாதையாகச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஷிஹோ, இந்தம்மா என்ன சொல்றாங்க?"



சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"தெரியாதுன்னு சொல்லிருட்டி."

வயதான குரல். கடைசி எழுத்தை இழுத்தது. அதட்டலே இல்லை, அன்பாகத்தான் இருந்தது. ரலிட்சா திரையைப் பார்த்து அதையே, அதே இழுப்போடு சொன்னாள்.

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வர மறுத்தாள். அந்த அக்காவுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். காலுறையோடு பனியில் இறக்கி, என் அறைக்குக் கொண்டுபோனேன். பின்னால் அந்த மாடியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

மறுநாள் இகராஷி அம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் மறுக்கவில்லை. முழங்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பேச ஒரு ஆள் கெடச்சா அந்த ஆத்மா போயிடும்னு நெனச்சேன். உள்ளூர்ப் பொண்ணுங்கள வெச்சா சிரிச்சிடுவாளுங்க. இந்தப் பொண்ணுக்கு எது எந்த ஊர்ப் பேச்சுன்னு தெரியாது. சிரிக்க மாட்டா."

ரலிட்சா என் அறையில் பத்து நாள் பேசாமல் இருந்தாள். வஸில்கா விமானம் பிடித்து வந்துவிட்டார். எங்கள் மொழியில் ஒரு சொல்லும் தெரியாதவர். கைபேசியில் தட்டி மொழிபெயர்த்துக் காட்டித்தான் என்னிடம் பேசினார். மகளின் பெட்டியைக் கட்டத் தானே மாடிக்குப் போனார். நான் படியிலேயே நின்றுவிட்டேன். என்னால் ஏற முடியவில்லை. அவர் இறங்கி வர வெகுநேரம் ஆனது. வந்தபோது முகம் அமைதியாக இருந்தது. அழுது முடித்த களைப்பு என்று நினைத்தேன்.

புத்தாண்டுக்கு முன்பே ஊர் போய்விட்டார்கள்.

மார்ச்சில் ரலிட்சா என்னைத் திரையில் கூப்பிட்டாள். அங்கே காலை வெயில். ஜன்னல் முழுக்க வெளிச்சம். அவளுக்கு அவள் மொழி திரும்பிவிட்டது. எங்கள் மொழி மொத்தமாகப் போய்விட்டிருந்தது, வணக்கம்கூட வரவில்லை. அரைகுறை ஆங்கிலத்தில் பேசினோம். நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், சோஃபியாவில் படிப்பைத் தொடரப் போகிறாள். வஸில்கா பக்கத்தில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி வைத்த பணியாரத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு மூன்று மாதத்தில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

அப்போது அவர்களுக்குப் பின்னால், பூப்போட்ட காகிதம் ஒட்டிய அந்தச் சுவருக்குள்ளிருந்து கேட்டது.

"ஏட்டி, யாரு பேசுதா? அந்தப் புள்ளையா?"

ரலிட்சா காதில் விழாதவள்போல என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு உண்மையிலேயே விழவில்லை.

வஸில்காதான் கையிலிருந்த பணியாரத்தை வைத்துவிட்டு, சுவர்ப்பக்கமாக லேசாகத் தலையைச் சாய்த்தார்.

"ஆமாக்கா, ஷிஹோதான்," என்றார். கடைசி எழுத்தை இழுத்து, தாழ்ந்த குரலில். "செத்த இருங்க, இந்தா வந்துட்டேன்."