நான்கு மணி நேரம் பின்னால்

மதியம் டீச்சர் சர்வர் அறைக்குள் வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில்தான் அவளுடைய தம்பி இதே மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் இறந்திருந்தான். அம்மாவைக் கீழே பிணவறை வாசலில் உட்காரவைத்துவிட்டு இவள் இங்கே வந்து நிற்கிறாள். அவள் எங்கள் சீனியர். யார் தப்பு செய்தாலும் விடமாட்டாள், அதனால் அந்தப் பட்டப்பெயர்.

"வீட்டுக்குப் போங்க டீச்சர். நான் பாத்துக்கறேன்."

"ஸ்டாண்ட்பை எவ்வளவு பின்னால ஓடுது?"

"நாலு மணி நேரம். நீங்க வெச்சதுதானே?"

நோயாளிகளின் பதிவுகள் இருக்கும் முதன்மை சர்வரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் லாக் என்ற குறிப்பாக எழுதப்பட்டு, ஸ்டாண்ட்பை என்ற நகல் சர்வருக்கு வரும். ஸ்டாண்ட்பை அதை வரிசையாகப் படித்து, அங்கே நடந்ததையெல்லாம் தனக்குள்ளும் நடத்திக்கொள்ளும். யாராவது கைதவறி எதையாவது அழித்துத் தொலைத்தால் மீட்பதற்காக, வேண்டுமென்றே அதைத் தாமதமாக ஓடவிட்டிருந்தோம்.

அதாவது, அந்தப் பெட்டிக்குள் அவன் இன்னும் சாகவில்லை.

எனக்கு அது உறைப்பதற்குள் அவள் ஸ்டாண்ட்பையின் ஓட்டத்தை நிறுத்திவிட்டாள். தடுக்க மனசு வரவில்லை. திரையில் அவன் படுக்கையின் கடைசி வரி நின்றது: நாடி 41, வலி பத்துக்கு ஒன்பது.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்டா" என்றாள்.

அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி வந்தது.

நாடி 43. வலி 9.

ஓட்டம் நின்றுதான் இருந்தது. நெட்வொர்க் ஒயரையே பிடுங்கிப் போட்டேன்.

நாடி 46. வலி 9.

அவள் முகம் மலர்ந்தது. ஏசிக் காற்றில் மருந்தும் வியர்வையும் கலந்த வார்டு வாடை. மின்விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் யாரோ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் மாடி நர்ஸ் போனில் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"சார், காலைல இறந்தவரோட பெட் காலியாத்தான் இருக்கு. ஆனா பெல் அடிச்சுக்கிட்டே இருக்கு. ஒயரைக் கழட்டியும் நிக்கல."

வலி 10.

வலி 10.

வலி 10.

"டீச்சர், அவன் பிழைச்சு வரல" என்றேன். "அந்த வலியிலயே கிடக்கறான். நீங்கதான் போகவிடாம பிடிச்சு வெச்சிருக்கீங்க."

அவள் என்னை அடிக்க வருவதுபோலப் பார்த்தாள். பிறகு திரையில் கை வைத்துத் தடவினாள்.

"போயிடு கண்ணா. அக்கா விட்டுட்டேன்."

தாமதத்தை நீக்கி ஓட்டத்தை மறுபடி தொடங்கினாள். ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த லாக் எல்லாம் மளமளவென்று ஓடியது. யார் யாருக்கோ கொடுத்த மாத்திரைகள், யாருக்கோ பிறந்த குழந்தை, நடுவில் அவன் இறப்பு. கடைசி லாக்கும் முடிந்து ஸ்டாண்ட்பை அடுத்த லாக்குக்காகக் காத்திருக்கத் தொடங்கியது. மூச்சுச் சத்தம் அடங்கியிருந்தது.

அவள் மேசையில் தலை கவிழ்ந்து வாய்விட்டு அழுதாள். அழட்டும், இனி அவனுக்கு நிம்மதி என்று நினைத்தேன். எனக்கும் அப்போதுதான் போன உயிர் வந்தது.

அவள் தோளுக்கு மேலே திரை தெரிந்தது.

நாடி 0. வலி 10.

சத்தமில்லாமல் மானிட்டரை அணைத்தேன். அவளைக் கைத்தாங்கலாக அவள் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டேன். அவன் நிம்மதியாகப் போய்விட்டான் என்று சொன்னேன்.

அவள் இன்றுவரை அதை நம்புகிறாள். அந்த வரி நிமிடத்துக்கு ஒன்றாக இன்னும் வந்துகொண்டிருக்கிறது.