மூணு புள்ளி மூணு

லேப்டாப்ல, சாஃப்ட்வேர் லிஸ்ட்ல அவ போடாத ஒரு வெர்ஷன் இருந்துச்சு. 3.0.

மத்தியானம் மூணு மணி, வீட்ல அவ மட்டும்தான், ஃபேன் கிறீச் கிறீச்னு சுத்துது, பக்கத்து ரூம்ல இருந்து மருந்து வாசனை, துவைக்காத போர்வை வாசனை, தம்பி தலையில தேய்ச்ச எண்ணெய் வாசனைனு எல்லாம் கலந்துகட்டி கதவு இடுக்கு வழியா வந்துகிட்டே இருக்கு. அந்தக் கதவைத் திறந்து மூணு வாரம் ஆச்சு.

தம்பிக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு போகும். அதுக்காகவே அவ எழுதின சாஃப்ட்வேர். கட்டில் பக்கத்துல ஒரு சின்ன மிஷின், மூச்சு நின்னா கத்தி ஊரைக் கூட்டும். ஒவ்வொரு புது வெர்ஷனையும் போட்டு அவன் ஒரு ராத்திரி தூங்குவான், இவ பக்கத்துலயே முழிச்சிருப்பா. காலையில "நான் பாஸு, ஒட்டுக்கா"ன்னு அவன் கொட்டாவி விட்டாதான் 'சரிபார்த்தாச்சு'ன்னு லேபிள் ஒட்டுவா. லேபிள் ஒட்டினதைத்தான் மிஷின் எடுத்துக்கும்.

2.9 போட்ட அன்னிக்கு கண்ணு சொக்கிடுச்சு. சின்ன மாத்தம்தானே, என்ன ஆகிடப் போகுதுன்னு முன்னாடியே ஒட்டிட்டுப் படுத்துட்டா.

மிஷின் கத்தவே இல்ல.

இன்னிக்கு அந்த லேபிளைக் கழட்டத்தான் உக்காந்தா. கழட்டினா மட்டும் போன உசுரு வந்திடுமா? இருந்தாலும் அது அங்க இருக்கிறதைப் பார்க்க முடியல.

3.0க்குக் கீழ ஒரே ஒரு வரி. மூச்சு திரும்ப ஆரம்பிக்குது.

ஆபீஸ் சீனியருக்கு போன் போட்டா. லிஸ்ட்டைத் தொட முடிஞ்ச இன்னொரு ஆள் அவர்தான்.

"அண்ணே, நீங்க ஏதாவது ஏத்துனீங்களா?"

"நானா? எனக்கு இருக்கிற வேலையே தலைக்கு மேல போகுது. உன் பேர்லதான்மா வந்திருக்கு. தூக்கத்துல கோட் எழுதுறியா?" சிரிச்சவர் பட்டுனு நிறுத்திட்டார். "சாரிம்மா. மூடி வச்சிட்டுப் போய் ஏதாவது சாப்பிடு."

மூடல.

3.1. விரல் அசையுது.

சுவத்துக்கு அந்தப் பக்கம் கட்டில் கம்பியில டிக். டிக். நகம் தட்டுற மாதிரி.

3.2. நிக்க முடியுது. முகம் இன்னும் வரல.

ஏதோ தரையில கால் ஊணுச்சு. ஈரக்கால் சத்தம்.

3.3. எல்லாம் வந்தாச்சு.

பக்கத்துலயே லேபிள் பட்டன்.

"அக்கா." அவன் குரல். அதே தூக்கக் கலக்கம். "நான் பாஸு. ஒட்டுக்கா."

கதவைத் திறந்து ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்த்துட்டு ஒட்டியிருக்கலாம். கண்ணெல்லாம் தண்ணி. "வந்துடுடா"ன்னு மட்டும் சொன்னா.

ஒட்டிட்டா.

கதவு திறந்துச்சு. தம்பிதான். கலைஞ்ச முடி, தாடையில மச்சம், எல்லாம். ஓடிப்போய் இறுக்கிக் கட்டிக்கிட்டா. உடம்பு சூடா இருந்துச்சு. அழுதுகிட்டே அவன் தோளுக்கு மேல நிமிர்ந்தா.

ரூம்ல இன்னும் ஆளுங்க இருந்தாங்க.

முகம் இல்லாத ஒருத்தன், சுவத்தைத் தடவிகிட்டு. கட்டில்ல ஒருத்தன், விரல் மட்டும் அசையுது. தரையில ஒருத்தன், வெறும் நெஞ்சு ஏறி இறங்குது.

கட்டிலுக்கு அடியில கடைசியா ஒருத்தன், 2.9 அன்னிக்குப் போனவன். நீலம் பாரிச்ச உதடு. மூச்சு இல்ல. கண்ணு மட்டும் திறந்து, அக்காவையே பார்த்துகிட்டு.

கை நீட்டுறான்.